அந்த ஒரு வீடு மட்டும் சிவப்பாக இருந்தது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெங்களூரு ஹெப்பகோடியில் நடந்தது இது. தொழிற்சாலைகளுக்குப் பின்னால், சாக்கடைக் கால்வாயை ஒட்டி வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றை அறை வீடுகள். லைன் வீடு என்பார்கள். குடியிருந்தவர்கள் பெரும்பாலும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். புகையும் சாக்கடையும் எந்தத் தெருவில் யாரை எப்படிப் படுத்துகின்றன என்று அந்தத் தெரு மக்களையே கேட்டு வரைபடம் போடுவது எங்கள் வேலை. படம் கையில் இருந்தால் அதிகாரிகளிடம் போய் நிற்கலாம், கால்வாயை மூடச் சொல்லலாம். அப்படித்தான் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடியில் பெண்களைக் கூட்டினோம். தரையில் சார்ட் பேப்பரை விரித்து, எல்லோருமாகத் தெருவை வரைந்தார்கள். மூச்சுத்திணறல் உள்ள வீட்டுக்குச் சிவப்பு, வயிற்றுக் கோளாறுக்கு நீலம். சிவப்பு ஸ்டிக்கரை ஆபீஸிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன், அவ்வளவு பொறுப்பு எனக்கு! ஒரு பெண் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து நீட்டினாள். அட்டை கைமாறியதே தவிர யாரும் ஒட்டவில்லை. "ஓனருக்குத் தெரிஞ்சா?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பேரே போட மாட்டோம், என்னை நம்புங்க" என்று அடித்துச் சொன்னேன். மூன்றாவது வீட்டுப் பெண்ணைப் பார்த்துக் கெஞ்சலாகச் சிரித்தேன். கார்மென்ட்ஸில் தையல் வேலை அவளுக்கு. ஏழு வயது மகளுக்கு வாரத்தில் நாலு நாள் வீசிங். "நீங்க சொல்றீங்கன்னு ஒட்டறேன்க்கா" என்று தன் வீட்டின் மேல் முதல் பொட்டை வைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒட்டினார்கள். அரை மணி நேரத்தில் அந்த வரிசையே சிவந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மக்களிடம் வாங்கிய விவரத்தை மக்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் படத்தை அங்கன்வாடியின் வெளிச்சுவரில், எல்லோரும் பார்க்கிற மாதிரி மாட்டினேன். பேர் இல்லைதான். பன்னிரண்டு வீட்டு வரிசையில் மூன்றாவது வீடு யாருடையது என்று தெரிந்துகொள்ளப் பேர் எதற்கு? இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லை.

வீடு கேட்டு வந்த ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாராம். அது ஓனர் காதுக்குப் போயிருக்கிறது. அவர் வந்து சேர்வதற்குள் பெண்கள் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் பொட்டைக் கிள்ளி எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது வீட்டுக்காரி மட்டும் ஷிஃப்டில் இருந்தாள். ஓனர் வந்து பார்த்தபோது படத்தில் அவள் வீடு மட்டும்தான் சிவப்பாக இருந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஓடினேன். தப்பு என்னுடையது என்று ஓனரிடம் மன்றாடினேன். அவர் கோபப்படவே இல்லை. "கூத்கொள்ளி மேடம்" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். "உங்க மேல எனக்குப் பேஜார் இல்ல. மத்த வீடெல்லாம் நல்லாத்தானே இருக்கு? ஒரே வீட்ல சீக்குன்னா தப்பு வீட்லயா, அவங்ககிட்டயா?" என்று என் படத்தை வைத்தே கேட்டார். எல்லா வீட்டிலும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மீதிப் பேரும் தெருவில் நிற்பார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

அவசரத்தில் அவளுக்குக் கிடைத்தது, பிளாஸ்டிக் கழிவைக் கொளுத்துகிற காலி மனைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் பார்க்கப் போனேன். திட்டியிருந்தால் தேவலை. டீ போட்டுக் கொடுத்தாள். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தை நிறுத்தியாயிற்று. பேச்சுக் கொடுக்கலாம் என்று அந்தக் குழந்தையிடம் குனிந்தேன். "பாப்பாகிட்ட ஒண்ணும் கேக்காதீங்கக்கா. பதில் சொன்னா மூச்சு வாங்குது" என்றாள். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து மறு கணக்கெடுப்பு. லைன் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் புதிதாகக் குடிவந்த இளைஞர்கள் நான்கு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆபீஸ் கூட்டத்தில், "இந்த லைன் நல்லா இம்ப்ரூவ் ஆயிருக்கு" என்றார் மேலதிகாரி. நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் கொட்டகை நம் எல்லைக்கு வெளியே இருப்பதால் சேர்க்க முடியாது என்றார். கால்வாய் இன்றுவரை திறந்தே கிடக்கிறது. அங்கே பிரச்சினை இல்லை என்று சொல்வதற்கு எங்கள் புதுப் படமே சாட்சி.

அடுத்த முறை நான் போனபோது கொட்டகையும் காலியாக இருந்தது. எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு தெரு முன்னேறிவிட்டது என்று யாராவது சொன்னால், அங்கே மூச்சுக்குத் தவித்தவர்கள் எங்கே என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றுகிறது. கேட்டு என்ன, அந்தக் குழந்தையை அங்கிருந்து அனுப்பியவளே நான்தான்.