யாருடைய தவறு?

கும்மிடிப்பூண்டியில் ரயிலைவிட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடுப்பு ஒடியத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்கு வந்து சேர்கிறேன். ஒரு தொழிற்சாலைக்கு ஸ்பெயினிலிருந்து வந்திருக்கும் இன்ஜினியருக்கு இன்று நான்தான் மொழிபெயர்ப்பாளன். நின்றுபோன இயந்திரத்தைத் திறந்து, எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு அவர் சொல்கிறார்: "எஸ் சு குல்பா."

'குல்பா' என்றால் தவறு. 'சு'வில்தான் வில்லங்கம். அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, உங்களுடைய என்று எல்லாவற்றுக்கும் ஸ்பானிய மொழியில் அந்த ஒற்றைச் சொல்லே போதும். எவ்வளவு சிக்கனமான மக்கள்!

நான் வாய் திறப்பதற்குள் மேனேஜர், ஸ்பானியத்தில் ஒரு சொல்லும் தெரியாமலே, இயந்திரத்தை ஓட்டும் மேரியைக் கைகாட்டுகிறார். "இவ தப்புன்றாரு, அதானே?" என்னவொரு மொழிப்புலமை!

மேரி என் பக்கம் திரும்புகிறாள். "இன்னா சார் சொல்றாரு? வேலய உட்டுத் தூக்கிடுவாங்களா?" என்று என்னிடம் கேட்கிறாள்.

"யாருடைய தவறு?" என்று இன்ஜினியரிடம் ஸ்பானியத்தில் கேட்கிறேன். அவர் நேராக மேனேஜரைப் பார்த்து, "உங்களுடையது. மட்டமான எண்ணெய் வாங்கியிருக்கிறீர்கள்" என்கிறார். ஒரு சொல் குறையாமல் தமிழில் சொல்கிறேன்.

மேனேஜருக்கு உடனே பெருந்தன்மை வந்துவிடுகிறது. "சரி சரி, நம்ம தப்புன்னு வெச்சுக்கலாம்."

மேரி கையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறாள்: "கேன்டீன்ல உங்க டேபிள் வேற, எங்க டேபிள் வேறன்னீங்க. தப்புக்கு மட்டும் எங்களையும் சேத்துக்கினீங்களே சார்!"