மிளகாய் மூட்டையோடு ஒரு டெஸ்ட் டிரைவ்

காரை ஓட்டிப் பார்த்து வாங்குவார்கள், தெரியும். காருக்குள் ஐந்து ஆட்களையும் டிக்கியில் இரண்டு மிளகாய் மூட்டையையும் அடைத்து, பாம்பன் பாலத்தில் ஏற்றிப் பார்த்து வாங்குகிறவர்களை நீங்கள் பார்த்ததுண்டா? போன மாதம் நான் பார்த்தேன். அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன்!

கதை இதுதான். என் தங்கை வளர்மதி அரசுப் பள்ளி ஆசிரியை. வாழ்க்கைப்பட்டது ராமநாதபுரத்துக்கு மேற்கே, மிளகாய் விளைகிற ஒரு கிராமத்தில். இத்தனை வருஷமாகப் பக்கத்து ஊரில் வேலை. இந்த வருஷம் பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், தங்கச்சிமடத்துக்கு மாறுதல் வந்துவிட்டது. டவுன் பஸ் பிடித்து ராமநாதபுரம், அங்கே மாறி ராமேஸ்வரம் பஸ்... டவுன் பஸ் வராத அன்று என்ன செய்வது? லீவு போடுவது.

வீட்டில் பேச்சு கிளம்பியது. நிலம் நீச்சு இருக்கிறது, சோற்றுக்கா பஞ்சம், வேலையை விட்டால் என்ன என்று மாப்பிள்ளையின் அய்யா ஆரம்பித்தார். எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்போம். அந்த வீட்டில் அய்யா ஆரம்பித்தால் பெரும்பாலும் அவரேதான் முடிப்பார்.

வளர்மதி சண்டை போடவில்லை. ஒரு கார் வாங்குங்கள், நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். லைசென்ஸ் வைத்திருக்கிறாள், நன்றாகவும் ஓட்டுவாள். அய்யா யோசித்தார். சரி, ஆனால் ஒரு நிபந்தனை. கார் ஒருநாள் நடுவழியில் நின்றாலும் அன்றோடு வேலைக்கு முழுக்கு.

புதுக் கார் கட்டுப்படியாகாது. ஆக, யாரோ ஓட்டிய பழைய கார் ஒன்றின் கையில் என் தங்கையின் வேலை! தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில். வாராவாரம் இந்தப் பத்தியில் கார் பற்றி அளக்கிறவன் ஆயிற்றே, விடுவார்களா?

உச்சிப்புளி புரோக்கர் இரண்டு கார்கள் காட்டினார். ஒரே மாடல், ஒரே வயது. வெள்ளைக் காரில் சாதா பெட்ரோல் என்ஜின். சிவப்புக் காரில் டர்போ.

வித்தியாசம் ரொம்ப எளிது. சாதா என்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. டர்போவில் வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுற்றி, கூடுதல் காற்றை உள்ளே திணிக்கிறது. சூப்பர்சார்ஜர் என்று இன்னொன்று உண்டு. அதுவும் திணிப்புதான், ஆனால் அதைச் சுற்றுவது என்ஜினோடு பிணைத்த பெல்ட். நம் பக்கத்துப் பழைய கார் சந்தையில் அதைத் தேடி அலைய வேண்டாம். நமக்குப் பஞ்சாயத்து டர்போவா சாதாவா என்பதில்தான்.

என் கட்சி சாதா. ஓட்டியவர் யாரென்றே தெரியாத பழைய காரில், கெட்டுப்போகிற சாமான் எத்தனைக்கெத்தனை குறைவோ அத்தனைக்கத்தனை நிம்மதி. இதை அய்யாவிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

"ஏத்திப் பாக்காம எதையும் வாங்கப்படாது தம்பி."

அது அந்தக் குடும்பத்து வழக்கம். வண்டி மாட்டிலிருந்து டிராக்டர் வரைக்கும் அவர்கள் வீட்டுக்கு வந்த எல்லாமே பாரம் ஏற்றிப் பார்த்து வாங்கியவைதான். இழுத்தால் வீட்டுக்கு வரும், திணறினால் திரும்பிப் போகும். காருக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

அப்படித்தான் மிளகாய் மூட்டைகள் டிக்கிக்கு வந்தன. மாப்பிள்ளை பாண்டி ஸ்டியரிங்கில், அய்யா முன்சீட்டில். பின்னால் நான், வளர்மதி, அய்யாவின் தம்பி. ஏசி முழு வேகத்தில். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பக்கவாட்டில் காரை அறைகிற மாதம் வேறு. புரோக்கர் இன்னொரு காரை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

முதலில் வெள்ளை. பாலத்தின் ஏற்றத்தில் முனகியது. பாண்டி கியரைக் குறைத்து மிதிக்க, சத்தம் போட்டுக்கொண்டே ஏறியது. அய்யா உதட்டைப் பிதுக்கினார்.

மூட்டைகளை மாற்றிக்கொண்டு அடுத்தது சிவப்பு. ஏற்றமா, எங்கே என்று கேட்டது. அத்தனை பாரத்தோடும் சும்மா பறந்தது. பாண்டி முகத்தில் மாப்பிள்ளைக் களை. அய்யா தொடையில் தட்டி முடிவைச் சொல்லிவிட்டார். என் கட்சிக்கு டெபாசிட் காலி.

பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் ஊருக்குத் திரும்பி, டீக்கடை நிழலில் இரண்டு கார்களையும் நிறுத்தினோம். அட்வான்ஸ் கொடுக்க பாண்டி பையில் கையை விட்டபோதுதான் வளர்மதி அன்று முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் இங்கனயே டீ குடிங்க. மூட்டைய இறக்கிருங்க. நான் மட்டும் ஓட்டிப் பாத்துட்டு வாரேன்."

உண்மையைச் சொல்கிறேன்... அதுவரை அவளை ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாராவாரம் அளக்கிற எனக்கும்தான்.

தனியாகச் சிவப்பில் போனாள், வந்தாள். வெள்ளையில் போனாள், வந்தாள். நாங்கள் இரண்டாவது டீயில் இருந்தோம். இறங்கியதும் நேராகப் புரோக்கரிடம் போய், சிவப்புக் காரை முன்பு யார் ஓட்டினார்கள், ஆயில் நேரத்துக்கு மாற்றினார்களா என்று விசாரித்தாள். ஓனரின் காலேஜ் பையன்தான் ஓட்டினான், நல்லா ஓட்டுவான் என்றார் அவர். ஆயிலைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

"நல்லா ஓட்டுவான்னா எப்படி ஓட்டியிருப்பான்னு எனக்குத் தெரியும். என் கிளாஸ் பூரா அவன்தான் உக்காந்திருக்கான்" என்றாள்.

டர்போவுக்கு ஆயில்தான் உயிர். விரட்டி ஓட்டிவிட்டு உடனே ஆஃப் செய்யாமல், கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு ஆற்றவும் வேண்டும். காலேஜ் பையன் ஆற்றியிருப்பானா? நீங்களே சொல்லுங்கள்.

அய்யா மட்டும் விடவில்லை. அந்த இழுவை இதில் வருமா என்று வெள்ளைக் காரைக் காட்டிக் கேட்டார். வளர்மதி குரலை உயர்த்தவே இல்லை.

"நான் தினமும் மிளகா மூட்டையா மாமா ஏத்திட்டுப் போகப் போறேன்? நானும் ஒரு டிபன் பையும்தான. சிவப்பு மிதிச்சா சும்மா இருக்கு, அப்புறம் திடீர்னு பாயுது. பஸ்ஸுக்குப் பின்னாடி போறப்ப எனக்கு அது ஒத்து வரல. வெள்ளை நான் சொன்னபடி கேக்குது. நிக்காத வண்டி வேணும்னுதான சொன்னீங்க?"

அய்யா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்படியென்றால் குலசாமி கோயிலுக்குக் குடும்பத்தோடு எதில் போவது என்று கேட்டார். அத்தனை நாளாக அவர் மனசுக்குள் எந்தக் காரை வாங்கிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதற்கு வேன் பிடித்துக்கொள்ளலாம் மாமா என்றாள் வளர்மதி. பாண்டி சிவப்புக்கு எடுத்த அட்வான்ஸை வெள்ளைக்குக் கொடுத்தான். அந்த இடத்தில் எனக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போனது.

டர்போ கெட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறுகிறவரா? ஒழுங்காக சர்வீஸ் செய்த வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், சந்தோஷமாக ஏறுங்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோர் வருஷத்தில் ஒருநாள் போகிற பயணத்துக்காக என்ஜினைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் ஆபீஸுக்கு அதை உருட்டிக்கொண்டிருக்கிறோம். தினமும் ஓட்டப் போவது யார், எந்த ரோட்டில், எவ்வளவு பாரத்தோடு? அந்த ஆளைத் தனியாக உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வெள்ளைக் கார் இன்றுவரை ஒழுங்காகத் தங்கச்சிமடம் போய் வந்துகொண்டிருக்கிறது. வேலையை விடுகிற பேச்சு வீட்டில் இப்போது இல்லை.

சொன்னபடி போன வாரம் வேன் பிடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் குலசாமி கோயிலுக்குக் கிளம்பினார்கள். பள்ளி இருந்ததால் வளர்மதி மட்டும் சாயங்காலம் நேராக வருவதாக ஏற்பாடு. திருவாடானை தாண்டியதும் வேன் நடுரோட்டில் நின்றுவிட்டது. பொட்டல் வெயிலில் எல்லோரும் இறங்கி நின்றோம். பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளைக் கார் வந்தது. கண்ணாடியை இறக்கி, "ஏறுங்க மாமா" என்றாள். அய்யா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

வேன் டர்போ என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.