பொடிக்குப் போன பெயர்

சுக்கு வாங்கத்தான் சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் இருக்கும் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

எனக்கு முன்னால் நின்றவர் தணிந்த குரலில், “அண்ணே, எச்.ஐ.வி. மாத்திரை போட்டா கெட்ட கெட்ட கனவா வருது. தூங்க ஏதாவது இருக்கா?” என்றார்.

கடைக்காரர் தெருவுக்கே கேட்கும்படி, “கடைசி டெஸ்ட்ல கிருமி தெரிஞ்சுச்சா?” என்றார்.

“தெரியலைன்னுதான் வந்துச்சு.”

“அப்புறம் என்ன தம்பி? நம்ம சூரணம் சாப்பிட்டீங்கல்ல, அதான் வேலை செஞ்சிருக்கு! மாத்திரையை நிறுத்திடுங்க லா. இன்னொரு டப்பா தரேன்.”

அவர் பர்ஸை எடுத்தார். அடுத்தவர் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. இன்று முடியவில்லை.

“கிருமியை அடக்கி வச்சிருக்கறதே அந்த மாத்திரைதாங்க. நிறுத்தினா திரும்ப வந்துடும். கனவைப் பத்தி டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“இதையெல்லாம் போய்ச் சொல்லணுமாக்கா?”

“சொல்லுங்க. வேற மாத்திரை மாத்திப் பார்ப்பாங்க.”

கடைக்காரர் முறைத்தார். “நீங்க டாக்டரா?”

“இல்லை. நீங்க?”

அந்த மனிதர் பர்ஸை உள்ளே வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தூக்கத்தைத் தொலைத்து, ஒரு நாள் விடாமல் மாத்திரை விழுங்கியவர் அவர். நல்ல பெயர் மட்டும் டப்பாப் பொடிக்கா?

கோபத்தில் சுக்கை மறந்துவிட்டேன். சுக்கை மட்டும் விற்கிற கடை தெரிந்தால் சொல்லுங்கள்.