சித்தி நடத்திய ஒரு நாள் பள்ளிக்கூடம்

என் சித்தி துணிகளை ஆல்டர் செய்து தருபவள். புதுத் துணி தைக்கவே மாட்டாள். "புதுசு தைச்சா குறை சொல்லுவாங்க. பழசைச் சரிபண்ணிக் குடுத்தா நன்றி சொல்லுவாங்க. நான் எதுக்குத் திட்டு வாங்கணும்?" என்பாள். திட்டு வாங்கத்தான் அவளுக்குப் பிடிக்காது. கொடுப்பதில் கஞ்சத்தனமே கிடையாது. இடுப்பளவு எடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும் அம்மாக்களிடம், "மூச்சை விடுங்க. நான் கவுனைத்தான் பெரிசாக்கணும், உங்க பொய்யை இல்ல" என்பாள். அவர்களும் மூச்சை விடுவார்கள். அந்தத் தெருவில் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் வேறு யாரிடமும் இல்லை.

முதல் மாடியில் இருக்கும் வீட்டின் முன் அறைதான் கடை. நடுவில் கட்டிங் மேசை, சன்னலோரம் இரண்டு மெஷின், சுவர் முழுக்க ஹேங்கரில் தொங்கும் அடுத்தவர்களின் உடைகள். சித்தப்பா வீட்டுக்குள் வர வேண்டுமானால் யாருடைய கவுனையாவது விலக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

சித்தப்பா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். காலையில் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் கொட்டிவிட்டு, சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவார். அவருடைய சொந்த மகள் மட்டும் அந்த பஸ்ஸில் ஏறுவதில்லை. வீட்டிலேயே படிக்கிறாள். இதை வைத்து டிரைவர்கள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. "உன் வண்டியில என்ன கோளாறுன்னு எங்களுக்கும் சொல்லிடுப்பா, நாங்களும் எங்க பிள்ளைங்களை இறக்கிடறோம்" என்பார்கள். சித்தப்பா சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்து சிரிக்க மாட்டார்.

நடந்தது இதுதான். நாங்கள் வாலு என்று கூப்பிடும் அந்த மகள், வீட்டில் மெஷின் சத்தத்தையும் தாண்டிப் பேசுகிறவள். இரண்டாம் வகுப்பு முடியும் சமயம் பெற்றோர் கூட்டத்துக்குச் சித்தி போனாள். டீச்சர் முகமெல்லாம் மலர்ந்து, "ரொம்ப நல்ல பிள்ளைங்க. வருஷம் பூரா ஒரு வார்த்தை பேசினதில்ல. இருக்கற இடமே தெரியாது" என்றார். தன் மகளைத்தான் சொல்கிறாரா என்று சித்திக்குச் சந்தேகம் வந்து, பெயரைச் சொல்லி மறுபடியும் கேட்டாள். அவளேதான்.

"இருக்கற இடம் தெரியாம இருக்க அவ என்ன உள்ள வெச்சுத் தைக்கற லைனிங் துணியா?" என்று கேட்டுவிட்டு வந்தவள், மறுநாள் பிள்ளையை அனுப்பவில்லை. அதற்கு மறுநாளும் அனுப்பவில்லை.

அதன் பிறகு வாலுவின் படிப்பு கட்டிங் மேசைமேல் நடந்தது. சித்தி தைப்பாள், வாலு மேசையில் சம்மணமிட்டு உட்கார்ந்து செய்தித்தாளை உரக்க வாசிப்பாள், நடுநடுவே தன் கருத்தையும் சேர்த்துக்கொள்வாள். எது செய்தி, எது வாலு என்று பிரித்தெடுப்பது கேட்பவர்கள் பாடு. கணக்கெல்லாம் துணியில் கோடு போடும் சாக்பீஸால். ட்ரயல் பார்க்க வருகிறவர்களிடம் அவரவர் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்பாள். பல் டாக்டர் ஒருத்தர் பேண்ட் நீளம் குறைக்க வந்து, பாதி பேண்டோடு நின்றபடி கடைவாய்ப் பற்களைப் பற்றி நெடுநேரம் பாடம் எடுத்துவிட்டுப் போனார்.

இப்படியே போயிருக்கும். அதற்குள் அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பதிவுசெய்ய வேண்டும். வருஷம் ஒருமுறை கல்வி அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார், பிள்ளையிடம் தனியாகவும் பேசுவார். திருப்தி இல்லையென்றால் அடுத்த பருவமே பிள்ளை பள்ளிக்கூடம் போயாக வேண்டும்.

சித்தி கொதித்துப் போனாள். "ஒரு வருஷம் முழுக்க என் பிள்ளை வாயைத் திறக்கல. அப்ப ஒருத்தனும் வந்து என்னன்னு கேக்கல. இப்ப வாயைத் திறந்து பேசறா, உடனே ஆள் அனுப்பறாங்களாம்!"

சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே மெதுவாக, "வந்து பாத்துட்டுப் போகட்டுமே" என்றார்.

"எதை?"

"எல்லாரும் உன்னை மாதிரி இல்லையே. படிக்க வைக்கறேன்னு சொல்லி வேலை வாங்கறவனும் இருப்பான்ல?"

"அவனைப் போய்ப் பிடிக்கச் சொல்லுங்க."

"எது அவன் வீடுன்னு உள்ள போய்ப் பாத்தாத்தானே தெரியும்? நான் எல்லாரையும் இறக்கி விட்டப்புறம் பஸ்ல கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போய்ப் பாக்கறேன். எல்லாப் பிள்ளையும் தூங்குதுன்னா பாக்கறேன்? என்னிக்காவது ஒண்ணு தூங்கிட்டுக் கிடக்கும்."

"அப்ப என் வீடு உங்களுக்குக் கடைசி சீட்டா?"

அதோடு பேச்சு முடிந்தது. சித்தப்பாவின் தட்டில் இரண்டாம் முறை எதுவும் விழவில்லை.

வாடிக்கையாளர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். பிள்ளை யார் சொத்து, பெற்றவர்களுடையதா அரசாங்கத்துடையதா என்று கையில் ஜிப் அறுந்த பையோடு நின்று வாதாடினார்கள். பிள்ளை மேசைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அதனிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

அதிகாரி வரும் நாளைக் குறித்துத் தகவல் வந்ததும் சித்தியின் வீரம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஓரம் அடிக்கும்போது தையல் கோணிப்போனது. பிரித்து மறுபடி அடித்தாள், அதுவும் கோணியது. "மேசைமேல உக்காந்து பேப்பர் படிக்கறதைப் பாத்தா படிப்புன்னு ஒத்துக்குவாங்களா?" என்று, அதுவரை தான் அலட்சியமாகப் பார்த்த கணவரிடமே கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பள்ளிக்கூடம்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தினம் பாக்கறேனே!"

சித்தப்பா பார்ப்பது பள்ளிக்கூட கேட் வரைக்கும்தான். அவருக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்தில் ஒரு மணி, ஒரு வரிசை, யூனிஃபார்ம், குட்மார்னிங், அவ்வளவுதான். அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவர் இறங்கிப் போய்ப் பார்த்ததே இல்லை. சித்திக்கோ ஆளை மாற்ற ஒரே வழிதான் தெரியும், உடையை மாற்றுவது. இருவரும் சேர்ந்தார்கள்.

சித்தப்பா பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்டிருந்த பெஞ்சு ஒன்றையும், ஒரு கரும்பலகையையும், கைமணியையும் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். சித்தி தன் வாழ்நாள் கொள்கையைக் கைவிட்டு, யாரோ எடுக்காமல் விட்டுப்போன நீலத் திரைச்சீலைத் துணியில் யூனிஃபார்ம் தைத்தாள். ஒரே பிள்ளை உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகத் தெரியும் என்று மேல் மாடி வீட்டு இரட்டையர்களைச் சாக்லேட் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். அவர்களுக்கும் திரைச்சீலை. தொங்கிக்கொண்டிருந்த உடைகளெல்லாம் படுக்கை அறைக்குப் போயின. கட்டிங் மேசையைச் சுவரோரம் தள்ளி மேலே விரிப்பைப் போட்டு மறைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த எனக்கு மணி அடிக்கும் வேலை.

"அம்மா, இதுல கழுத்து இறுக்குது" என்றாள் வாலு.

"கொஞ்ச நேரம்தான்டி. பொறுத்துக்கோ."

அதிகாரியம்மா வந்தார். நல்ல கனத்த உடம்பு, கையில் துணிப்பை. படியேறியதில் மூச்சு வாங்கியது. அவர் வாசலில் கால் வைத்ததும் நான் மணி அடித்தேன். மூன்று பிள்ளைகளும் எழுந்தார்கள். இரட்டையர்கள் இருவரும் தெருவுக்கே கேட்க "குட்மார்னிங் டீச்சர்" என்றார்கள். சித்தப்பா டிரைவர் யூனிஃபார்மில் கதவோரம் விறைப்பாக நின்றார்.

அதிகாரியம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு வெளியே போய் வீட்டு எண்ணைச் சரிபார்த்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

"இது என்ன?"

"ஸ்கூல், மேடம்" என்றார் சித்தப்பா பெருமையாக.

"அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

"எதுக்குங்க?"

"ஸ்கூல் நடத்த. நான் வீட்டுல படிக்கற ஒரு பிள்ளையைப் பாக்க வந்தேன். அனுமதி இல்லாம ஸ்கூல் நடத்தறது வேற கேஸ். அதுக்கு வேற ஆபீஸ்." இரட்டையர்களைப் பார்த்தார். "இன்னும் எத்தனை பிள்ளைங்க வர்றாங்க?"

"நிறையப் பேர்" என்றான் மூத்தவன், வாங்கிய சாக்லேட்டுக்கு விசுவாசமாக. "இன்னைக்கு லீவு போட்டுட்டாங்க."

"ஃபீஸ் வாங்கறாங்களா?"

"இல்லீங்க, எங்களுக்குத்தான் குடுக்கறாங்க" என்றான் இளையவன்.

சித்தப்பாவின் விறைப்பு தளர்ந்தது. சித்தியைப் பார்த்தார். சித்தி அவரைப் பார்த்த பார்வையில், இனி எந்த வேளையும் தட்டில் எதுவும் விழாது என்று தெரிந்தது.

அதிகாரியம்மா பெஞ்சுக்கு முன்னால் குனிந்து வாலுவிடம், "நீதானேம்மா அந்தப் பொண்ணு? இங்க என்னென்ன படிக்கறே?" என்று கேட்டார்.

வாலு பதில் சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மறுபடி கேட்டார். மறுபடியும் ஒன்றுமில்லை. பயந்த மாதிரியும் இல்லை, அழுகிற மாதிரியும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது போல, அவ்வளவுதான்.

சித்தி தன் மகளை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. டீச்சர் சொல்லிக் கேள்விப்பட்டதோடு சரி. அந்த நல்ல பிள்ளை இப்போது அவள் தைத்த உடையில், அவள் போட்ட பெஞ்சில், அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

"போதும்" என்றாள் சித்தி. "மேடம், இது ஸ்கூலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இவரு பஸ் டிரைவர், நான் டெய்லர். இந்த ரெண்டும் மேல் மாடி வீட்டுப் பிள்ளைங்க. டேய், ஓடுங்கடா! நீங்க வர்றீங்கன்னு பயந்து போட்ட வேஷம். கேஸ் போடறதுன்னா என்மேல போடுங்க, பிள்ளையைத் திரும்ப இப்படி உக்கார வெக்காதீங்க."

சொல்லிக்கொண்டே வாலுவின் கழுத்துக் கொக்கியை அவிழ்த்துவிட்டு, மேசையின் மேலிருந்த விரிப்பைப் பிடித்து இழுத்தாள்.

அதிகாரியம்மா பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். அது முனகியது. "போன வீடுகள்ல வேலைச் சாமானை ஒளிச்சு வெச்சு வீடு மாதிரி காட்டினவங்களைப் பாத்திருக்கேன். ஸ்கூலா மாத்தினவங்களை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். "சரி. தினம் எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்க."

வாலு மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள். சித்தி மெஷினை ஓட்டினாள். வாலு அதிகாரியம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மேசைமேலிருந்து ஒரு குரல் வந்தது: "உங்க பாவாடை ஓரம் பிரிஞ்சு தொங்குது. படியில மிதிச்சீங்கதானே?"

"வாயை மூடுடி!" என்றாள் சித்தி. அந்த வீட்டில் அந்த வார்த்தைகள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டன.

"விடுங்க, பேசட்டும்" என்றார் அதிகாரியம்மா.

பேசினாள். செய்தித்தாளைத் தடையில்லாமல் வாசித்தாள். அரை, கால், அரைக்கால் கணக்கையெல்லாம் யோசிக்காமல் சொன்னாள். பெரிய பெருக்கல் கணக்கு கொடுத்தபோது, "இவ்ளோ பெரிய துணி யாருக்கு?" என்று கேட்டாள். எழுதச் சொன்னபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. அந்த எழுத்தை அதிகாரியம்மா நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். பூமி ஏன் சுற்றுகிறது என்றதற்கு, "யாராவது மிதிக்கறாங்களோ என்னவோ" என்று மெஷின் பெடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எழுத்து சுத்தமா சரியில்ல. அறிவியல் பூஜ்யம்" என்றார் அதிகாரியம்மா.

சித்தி மெஷினை நிறுத்தினாள். "ஸ்கூல்ல ஒரு வருஷம் பேச்சே பூஜ்யம். அதுக்கு யாரு மார்க் போட்டாங்க?"

"யாரும் போடல. அங்க யாராவது பாத்திருக்கணும், பாக்கல. அது தப்புதான். அதனால இங்கயும் பாக்காம விட்டுடலாமா?" அவர் குரல் உயரவில்லை. "போன மாசம் ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுப்படிப்புன்னு பதிவு பண்ணியிருக்காங்க. இவளைவிடச் சின்னவன். அட்டைப்பெட்டி மடிச்சு ஒட்டிட்டு இருந்தான். தன் பேரு வாசிக்கத் தெரியல. கதவைத் தட்டாம இருந்தா அவன் அங்க இருக்கறதே யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நல்லவேளையாக வேண்டாமென்று விட்டுவிட்டார். சித்தி கையிலிருந்த துணியை மடித்து ஓரமாக வைத்தாள். சித்தி தோற்று நான் பார்த்த முதல் வாதம் அது.

"பொண்ணுகிட்ட நான் தனியாப் பேசணும்."

நாங்கள் மூன்று பேரும் படுக்கை அறைக்குள், தொங்கும் கோட்டுகளுக்கும் கவுன்களுக்கும் நடுவே போய் நின்றோம். கதவுக்கு அந்தப் பக்கம் வாலுவின் குரல் மட்டும் விடாமல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. சித்தி யாருடைய கோட்டிலோ பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது கையோடு வந்துவிட்டது.

"ஏங்க, பள்ளிக்கூடம் போறேன்னு சொல்லிட்டான்னா?" என்றாள்.

"சொன்னா, என் பஸ் இருக்கு" என்றார் சித்தப்பா. கேலியாகச் சொல்லவில்லை. சித்தியும் திட்டவில்லை.

கதவு திறந்தது. அதிகாரியம்மா பையை மாட்டிக்கொண்டு நின்றார். "ஒரு வருஷத்துக்கு அனுமதி தர்றேன். எழுத்தும் அறிவியலும் அதுக்குள்ள சரியாகணும். நீங்க சொல்லிக் குடுக்க முடியலன்னா தெரிஞ்சவங்களை வைங்க. அந்த பெஞ்சை எடுத்த இடத்துலயே திருப்பிக் குடுத்துடுங்க."

"அவ என்ன சொன்னா?" என்று கேட்டாள் சித்தி.

"பள்ளிக்கூடம் போக ஆசையான்னு கேட்டேன். 'இப்ப வேணாம். ஆனா எப்பவும் வேணாமான்னு தெரியல. அடுத்த வருஷம் வந்து கேளுங்க'ன்னு சொன்னா."

சித்தி மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டி, இதை என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கவே இல்லையே" என்றாள் வாலு, காலை ஆட்டிக்கொண்டு.

அதிகாரியம்மா படியில் இறங்கத் தொடங்கியிருந்தார். ஓரம் தொங்கிய பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். சித்தி வாசலுக்கு ஓடினாள்.

"மேடம்! அடுத்த வருஷம் நீங்களே வருவீங்களா, வேற யாராவதா?"

"ஏன்?"

"வேற யாராவதுன்னா நான் மறுபடி முதல்ல இருந்து சண்டை போடணும்."

அவர் பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நானே வர்றேன்" என்றார். "கீழ் வீட்டுக்கு மாறிடுங்களேன், முட்டி வலிக்குது."

"சட்டத்துல அப்படி இருக்கா?" என்றாள் சித்தி.