ஒரு வேளையும் தவறாமல்

நன்றாகச் சாயம் இறங்கிய தேத்தண்ணியைக் கானில் கொட்டினால் எந்த நிறத்தில் ஓடுமோ, அந்தச் செம்பழுப்பு நிறத்தில்தான் என் அக்கா செல்வியின் சிறுநீர் ஓடும். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரு சுவருக்கு இரண்டு வீடுகள் என்று நீண்டு கிடந்த எங்கள் “லயத்து”க்குப் பின்னால் எல்லாருடைய கழிவுநீரையும் சுமந்துகொண்டு அந்தக் கான் போனது. காலையில் அங்கே முகம் கழுவ வருகிற பெண்கள், அக்கா ஒதுங்கிவிட்டுப் போன இடத்தை முதலில் பார்ப்பார்கள், பிறகு எங்கள் அம்மாவைப் பார்ப்பார்கள். லயத்தில் எதையும் ஒளித்துச் செய்ய முடியாது, நோயை ஒளிப்பது அதிலும் முடியாது.

அக்காவுக்கும் எனக்கும் தலசீமியா. அம்மாவும் அப்பாவும் மாமன் மகளும் அத்தை மகனுமாகக் கட்டிக்கொண்டவர்கள். இரண்டு பேர் உடம்பிலும் சத்தமில்லாமல் கிடந்த குறை, எங்கள் இரண்டு பேரிடமும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே வந்தது. உருப்படியான இரத்தம் செய்துகொள்ளத் தெரியாத உடம்பு எங்களுடையது, அதனால் மாதாமாதம் பஸ் ஏறிப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய், முகம் தெரியாத யாரோ கொடுத்த இரத்தத்தை ஏற்றிக்கொண்டு திரும்புவோம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பெயர் “காட்டேரி”. நான் அழுவேன். அக்கா அழமாட்டாள், சொன்னவனின் கழுத்துக்குப் பக்கத்தில் போய்ப் பல்லைக் காட்டி, “ஒன் ரத்தம் எனக்கு வேணாம்டா, குடிச்சா வாந்திதான் வரும்” என்பாள்.

எங்களை உயிரோடு வைத்திருந்த அந்த இரத்தமே எங்களைக் கொல்லவும் பார்த்தது என்பதுதான் இதிலுள்ள கொடுமை. இரத்தத்தோடு உள்ளே வருகிற இரும்பை வெளியே தள்ளுவதற்கு உடம்பில் வழி கிடையாது. ஏற்ற ஏற்ற அது ஈரலிலும் இருதயத்திலும் போய்ப் படியும். அதை இழுத்து வெளியே கொண்டுவர எனக்கு ஊசி மருந்து கொடுத்தார்கள். இரும்பு மிஞ்சிப்போன அக்காவுக்கு ஊசியோடு மூன்று வேளை மாத்திரையும் கொடுத்து, வாராவாரம் இரத்தம் சோதிக்க வரச் சொன்னார்கள். கானில் சிவந்து ஓடியது அந்த மாத்திரை இழுத்துப்போட்ட இரும்புதான், அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த வீட்டுப் பாக்கியம் பெரியம்மா அப்படி நினைக்கவில்லை. “ஏத்துன ரத்தமெல்லாம் இப்புடி ஓடிருதே, புள்ளைக்கு என்னாடி மிஞ்சும்?” என்று அவர் கேட்டதை அம்மா அப்படியே நம்பிவிட்டாள். அன்றோடு மாத்திரையை நிறுத்தினாள். பெரியம்மா நல்ல மனசுக்காரி, சும்மா இருப்பாரா? பிள்ளைத்தாய்ச்சியான தன் மருமகளுக்குக் கொடுத்திருந்த “ரத்த மாத்திரை”யில் கொஞ்சத்தைக் கொண்டுவந்து அக்காவுக்குக் கொடுக்கச் சொன்னார். அது இரும்பு மாத்திரை. அக்கா அதை வாயில் அடக்கிவைத்திருந்து கானில் துப்பினாள், கசக்கிறது என்பதைத் தவிர அவளுக்கு வேறு காரணம் இல்லை.

அடுத்த முறை பதுளையில் இரும்பின் அளவைச் சோதித்தபோது அக்காவுக்கு அது ஏறியிருந்தது. ஏன் என்று டாக்டர் கேட்க, அம்மா உள்ளதைச் சொன்னாள். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸம்மா எங்களை உட்காரவைத்து, நிறம் மாறுவது மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்றும், நீங்களாக மாத்திரையை விட்டால் பிள்ளையின் இருதயம் ஒரு நாள் நின்றுபோகும் என்றும் எடுத்துச் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மட்டும் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு, எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களை இந்த மாத்திரை சிலருக்கு இல்லாமல் செய்துவிடும், வாராவாரம் இரத்தம் சோதிப்பதே அதற்காகத்தான். அம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், அவளும் இரண்டையும் பிசகாமல் சொன்னாள். ஆனால் திரும்பி வரும்போது, பிள்ளையின் நெஞ்சை நானே நிறுத்தப் பார்த்தேனே என்று பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள். அந்தப் பயம் மற்றதற்கு இடம் வைக்கவில்லை.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் அப்பா கரகம் எடுக்கக் காப்புக் கட்டினார். வேண்டுதலே அக்காவுக்காகத்தான், அவள் உடம்பு தேற வேண்டும் என்று. எங்கள் தோட்டத்தில், கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் தேர் சுற்றி முடிந்து அதை அவிழ்க்கிறவரை அந்த வீட்டார் யாரும் எல்லை தாண்டக் கூடாது. அந்த வாரம் அக்காவின் இரத்தச் சோதனைக்கு நாங்கள் போகவில்லை.

கொடியேறிய மறுநாள் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. அப்பா கோயில் தலைவரிடம் ஓடினார். காப்போடு எல்லை தாண்டினால் தோட்டத்துக்கே ஆகாது, இது அம்மன் பார்த்திருக்கிற காய்ச்சல், தேர் முடிந்ததும் தானாக இறங்கும் என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். பாக்கியம் பெரியம்மா வந்து வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, ஆத்தா வந்திருக்கிற வீட்டில் இங்கிலீஷ் மருந்து ஆகாது, மாத்திரையை மூட்டைகட்டி வை என்றார். அந்த ஒரு பேச்சையாவது அம்மா கேட்டிருக்கலாம். எல்லை விஷயத்தில் ஊருக்குப் பயந்தவள், மாத்திரை விஷயத்தில் ஊரை எதிர்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று வேளையும் யாருக்கும் தெரியாமல் கொடுத்தாள்.

“தொண்டைக்குள்ள முள்ளு மாதிரி குத்துதும்மா, இந்த ஒரு வேளைக்கு விட்ருங்களேன்” என்று அக்கா கெஞ்சியது என் காதில் இன்னும் இருக்கிறது. காட்டேரி என்றவனைக் கடிக்கப் போனவள், எச்சில் விழுங்கவும் முடியாமல் வாயைத் திறந்தபடி கிடந்தாள்.

“விட்டா நெஞ்சு நின்னு போயிரும்னு சொன்னாங்கல்ல. முழுங்கு தங்கம், அம்மாவுக்காக முழுங்கு” என்று அம்மா அவள் தாடையைப் பிடித்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாள். அக்கா முழுங்கினாள். வெளியே தப்பு முழங்கிக்கொண்டிருந்தது.

தேர் சுற்றி முடிந்த கையோடு அப்பா கரகத்தை இறக்கி, காப்பை அவிழ்த்து, அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். பதுளையில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அடுத்த நாளே அவள் போய்விட்டாள். வெள்ளை அணுக்கள் அனேகமாக ஒன்றுமே மிஞ்சவில்லை, காய்ச்சல் கண்ட அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி இங்கே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை, நர்ஸம்மா அப்பாவுக்குத் தணிந்த குரலில் தமிழில் சொன்னார். பக்கத்தில் நான் நின்றேன். அம்மா ஆஸ்பத்திரி வாசலில் மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள். அப்பா என் கையை வலிக்கப் பிடித்து, “மாத்திர விஷயம் ஒங்கம்மா காதுக்குப் போகக் கூடாது. போனா அவளும் இருக்கமாட்டா” என்றார். அவர் சாகும்வரை வேறெதுவும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது அந்த லயம் இல்லை. இடித்துவிட்டுத் தனித்தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள், கானைச் சீமெந்துப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். நானும் அம்மாவும் பதுளையிலேயே ஒரு வாடகை அறையில் இருக்கிறோம். எனக்கு ஊசி போய் வேறொரு மாத்திரை வந்துவிட்டது. விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறேன், சொன்ன தேதியில் சோதனைக்குப் போகிறேன், உடம்பு சுட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடக்கிறேன். எல்லைக் கட்டுப்பாடும் போன இடம் தெரியவில்லை. கொழும்பில் வேலை செய்கிற பையன்கள் போனிலேயே கோயில் வரி கட்டிவிட்டுத் தேரன்றைக்கு மட்டும் வந்து ஆடிவிட்டுப் போகிறார்கள். போன திருவிழாவின்போது, அதே கோயில் தலைவர் கையில் மஞ்சள் கயிற்றோடு பதுளையில் பிரஷர் மருந்துக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டு, அம்மா சுகமா என்று விசாரித்தார். அந்தக் கயிற்றை அறுத்து அவர் வாயில் திணிக்கவேண்டும்போல் இருந்தது. சுகம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா சுகமாகத்தான் இருக்கிறாள். அக்காவின் திதி வரும்போதெல்லாம், “ஒரு வேள கூட நான் விடலயேடி, பொறகு ஏன் போனா?” என்று கேட்பாள். நீங்க ஒண்ணும் விடலம்மா என்பேன். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள், அக்காவைப் பற்றி என்றேன்.

“அப்ப அதையும் எழுது. அம்மா ஒரு வேளையும் தவறவிடலன்னு எழுது” என்றாள்.

எழுதிவிட்டேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.