மத்தியானம் பூட்டுகிற பூங்கா

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவருடைய பொறுமையைப் பற்றி எழுதும்படி சித்தப்பா சொன்னார். அம்மாவுக்குப் பொறுமையே கிடையாது என்பது இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் நகராட்சிப் பூங்காவைப் பற்றி எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது வெம்பக்கோட்டைப் பக்கம், மானாவாரிக் காட்டில் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில். வாக்கப்பட்டு எங்கள் ஊருக்கு வந்தார். அப்பாவுக்கு ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வேலை. அங்கே வெடிவிபத்தில் கருகிய அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது, வார்டுக்குள் அம்மாவை விடவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, பூங்காவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அப்பா இறந்த செய்தி அங்கேதான் வந்தது. முன்பின் தெரியாத பெண்கள்தான் அம்மாவைத் தாங்கிப் பிடித்தார்கள்.

அதன்பின் தீப்பெட்டி ஒட்டி எங்களை வளர்த்தார். எந்தக் கம்பெனியில் விபத்து என்றாலும் கையில் பசை காயுமுன் தண்ணீர்க் குடத்தோடு பூங்காவுக்கு ஓடுவார். "உள்ள கெடக்கவுகளுக்கு டாக்டர் இருக்காக. வெளிய கெடக்கவுகளுக்கு யாரு இருக்கா?" என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பூங்காவைப் புதுப்பித்தார்கள். நீரூற்று வைத்தார்கள். 'பாரம்பரியப் பூங்கா' என்று பலகை மாட்டி, இடம் கொடுத்தவர், திறந்து வைத்தவர் பெயரையெல்லாம் கல்லில் வெட்டினார்கள். மரத்தடியில் காத்துக் கிடந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கூடவே பூட்டும் வந்தது. காலையில் நடைப்பயிற்சிக்காரர்களுக்கு, மாலையில் பிள்ளைகளுக்கு, நடுவில் அடைப்பு.

அடுத்த விபத்து ஒரு மத்தியானம் நடந்தது. அடிபட்டவர்களின் சனங்கள் கொதிக்கிற தார் ரோட்டில் நின்றார்கள். அம்மா கேட்டைப் பிடித்து ஆட்டினார்.

"நான் என்ன செய்ய ஆத்தா? மேல இருந்து உத்தரவு. பாரம்பரியமாம்ல" என்றார் காவலாளி.

"ஏய்யா, வெடி என்ன ஒங்க பூட்டு நேரம் பாத்தா வெடிக்குது?"

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கேட்டார்: "பாரம்பரியம்னா என்ன தாயீ?"

"காலங்காலமா இருந்து வர்றதும்மா. அழியாமக் காப்பாத்தணும்."

"அப்போ நாங்க அங்கன உக்காந்து அழுதது காலங்காலமா இல்லையாக்கும்?"

அதற்குப் பிறகு அம்மா, பூட்டைத் திறக்கச் சொல்லி நகராட்சிக்கு நடையாய் நடந்தார். அவரைக் கிறுக்கச்சி என்று சொன்னவர்களில் நம் சொந்தக்காரர்களும் உண்டு. நினைவு மலரில் இதை எழுதலாமா என்று யாரும் கேட்க வேண்டாம், எழுதியாகிவிட்டது.

சென்ற ஆண்டு அம்மாவை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைசி நாளன்று தம்பியும் நானும் பூங்காவின் பூட்டிய கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில் நின்றோம். அம்மா போன செய்தி எங்களுக்கு அங்கேதான் வந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் முழுவதும் வேலிக்கு உள்ளே கிடந்தது.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எங்களுக்கு முக்காலி எடுத்துப் போட்ட டீக்கடை அண்ணாச்சிக்கும், பாடை தூக்கியவர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அம்மா நினைவாகப் பூங்காவுக்குள் ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டு 'உபயம்' என்று எழுதலாம் எனச் சிலர் கேட்டீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. பெஞ்சு வேண்டாம். அம்மாவுக்கு ஏதாவது செய்ய நினைத்தால், அடுத்த வெடிச் சத்தம் கேட்கும்போது அந்தக் கேட்டுக்கு வந்து எங்களோடு நில்லுங்கள். பூட்டை நாங்கள் உடைத்துக்கொள்கிறோம்.

— மகள்