பஞ்சு வைக்காத தலையணை

டீக்கடைக்காரர் காலையில் கடை திறக்க வந்தபோது, முந்தின நாள் காற்றில் கிழிந்து தொங்கிய கூரைத் துணி ஒழுங்காகத் தைத்துக் கிடந்தது. யார் வேலை என்று கேட்கத் தேவையில்லை. பச்சைத் துணியில் சிவப்பு நூல். கையில் கிடைத்த நூலைக் கோத்து, நிறம் பார்க்காமல் தைக்கிற ஆள் அந்தத் தெருவில் ஒருவர்தான். பக்கத்து மாடிப்படிக்கு அடியில் மெஷின் போட்டிருந்த தையல்கார அக்கா, தலை நிமிராமல் மிதித்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல டீக்கடைக்காரர் வாயெடுத்தார்.

"என்ன முழிக்கிற? டீயப் போடு. நேத்து போட்டது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியான்னே தெரியல."

அக்காவின் கை தைக்கும், வாய் பிரிக்கும். பல்லுக்கிடையில் ஊசி இருக்கும் நேரம்தான் தெருவுக்கு நிம்மதி. கால்சட்டை இறுகிவிட்டது என்று வருகிறவரிடம், "துணி சுருங்கலப்பா, நீதான் ஊதிட்ட" என்பார். திட்டிக்கொண்டே தையலைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியை விட்டுக்கொடுத்து, இன்னும் கொஞ்சம் ஊதுவதற்கும் இடம் வைத்துத் தைத்துக் கொடுப்பார். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் மறு வாரம் இன்னொரு கால்சட்டையோடு வந்து நிற்பார்.

இப்படிப்பட்டவர் தெருவில் குழாய்த் தண்ணீர் நின்று போயிற்று. "வந்துகொண்டே இருக்கிறது" என்று நகரசபைத் தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவரே பரிவாரத்தோடு அந்த வழியாக நடந்தார். அக்கா மிதிப்பதை நிறுத்தினார்.

"குழாயில தண்ணி வரல, கேட்டா பேச்சுதான் வருது! தலைவரா நீங்க? பஞ்சு வைக்க மறந்து தைச்ச தலகாணி!"

தெரு குலுங்கிச் சிரித்தது. மறுநாளிலிருந்து தலைவர் போகிற இடமெல்லாம் முதுகுக்குப் பின்னால் "தலகாணி" என்று காற்றோடு ஒரு சத்தம். அவர் மனைவிகூடப் படுக்கை விரிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாராம். அது தாங்காமல்தான் அவர் வழக்குப் போட்டார். பலர் முன்னால் அவமதித்த குற்றம். நிரூபணமானால் ஜெயில்கூட உண்டு. சாட்சி, டீக்கடைக்காரர்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடிக் கும்பிட நின்றாலும் பிரார்த்தனை பாதியில் அறுந்தது. பொய் சொன்னால் கடவுள் முகத்தில் எப்படி விழிப்பது? உண்மையைச் சொன்னால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

"நான் என்னக்கா சொல்லட்டும்?"

"காதுல விழுந்தத சொல்லு. எனக்காகப் பொய் சொல்லி, சாமி கோவத்துல உன் டீயில கை வைக்கணுமா? ஏற்கெனவே அது சுமார்தான்."

வழக்கன்று கோர்ட்டில் உட்கார இடமில்லை. நீதிபதி கேட்டார்: "அந்தம்மா என்ன சொன்னாங்க? சொன்னபடியே சொல்லுங்க."

"தண்ணி வரல, பேச்சுதான் வருதுன்னாங்கய்யா."

"அப்புறம்?"

டீக்கடைக்காரர் தலைவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அப்புறம் சொன்னத நான் இங்க சொன்னா... இத்தன பேர் முன்னால நானும் தலைவர அவமதிச்ச மாதிரி ஆயிடாதுங்களா?"

கிண்டலாக இல்லை, நிஜமாகவே பயந்துதான் கேட்டார். பின்வரிசை கொல்லென்று சிரித்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். "சாட்சிக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆனா முதல்ல புகார் கொடுத்தவர் சொல்லணும். புகாரிலயும் 'தகாத சொல்'னு மட்டும்தான் இருக்கு. என்ன சொல்னு தெரியாம எப்படித் தீர்ப்புச் சொல்றது? தலைவரே, நீங்களே சொல்லுங்க."

தலைவர் எழுந்தார். கூட்டம் கழுத்தை நீட்டியது. "த..." என்றார். காது மடல் சிவந்தது. மறுபடி "த..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் வழக்கு புஸ்ஸென்று போய்விடும். 'வாயத் திறக்காதக்கா' என்று டீக்கடைக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். அக்கா எழுந்துவிட்டார்.

"அவர உக்காரச் சொல்லுங்கய்யா. பொண்டாட்டி புள்ளையோட இருக்கிற மனுஷன், அவர் வாயால அத ஏன் சொல்ல வைக்கிறீங்க? சொன்னது நான். நானே சொல்றேன்." தண்ணீரில் தொடங்கித் தலகாணி வரைக்கும், அன்று சொன்ன அதே ராகத்தில் சொல்லி முடித்தார். நீதிபதி அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

தீர்ப்பும் அன்றைக்கே வந்தது. "தண்ணி வரல, பேச்சுதான் வருதுங்கிறது விமரிசனம். அதச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. தலகாணிங்கிறது வேலையப் பத்தினது இல்ல, ஆளப் பத்தினது. அது அவமதிப்பு. அந்தப் பாதிக்கு மட்டும், கோர்ட் கலையிற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கணும்."

உட்கார்ந்தார். சும்மா உட்காரத்தான் தெரியவில்லை. தோளில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, முன்னால் இருந்த வக்கீலின் முதுகைச் சுரண்டினார். "கோட்டக் கழட்டுங்க. கை பிஞ்சு தொங்குது, அதோட வந்து வாதாடுறீங்க." தலைவருக்காக வாதாடிய வக்கீல்தான் அவர். மாலையில் அவருடைய கறுப்புக் கோட்டில் சிவப்புத் தையல் போட்டிருந்தது.

கோர்ட் கலைந்து படி இறங்கும்போது தலைவர் காருக்குப் பக்கத்தில் தயங்கி நின்றார். டீக்கடைக்காரர் அக்காவின் பின்னால் ஒதுங்கினார்.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார் தலைவர், தரையைப் பார்த்து.

"நீங்களும் தண்ணி விட்டிருக்கலாம்." அக்கா இரண்டு படி இறங்கித் திரும்பினார். "நாளைக்குக் காலைல குழாயத் திறந்து பாப்பேன் தலைவரே. வரலேன்னாலும் பயப்படாதீங்க. முதல் பாதியோட நிறுத்திக்கிறேன்."